துட்டி கேட்கப் போகிறவர்களுக்கு



நம்ம ஆள் ஒருத்தர் கொல்லப்பட்டால் நாம் என்ன செய்கிறோம்? சுவரொட்டி, மறியல், வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கு. செய்யத்தான் வேணும், அதைக் குறை சொல்ல நான் வரலை. பதினாறு முடிஞ்சு பந்தலைப் பிரிச்ச பிறகு அந்த வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அதைப் பத்தித்தான் பேசணும்.

வெண்மணி என்றதும் 44 என்கிறோம். 1968 டிசம்பர் 25. தாமிரபரணி என்றதும் 17. 1999 ஜூலை 23. போராட்டத்துக்கு எண்ணிக்கை தேவை. ஆனா எந்தத் தாயும் எண்ணிக்கைக்காக அழுவதில்லை. கருவாட்டுக் குழம்பு வச்ச அன்னிக்கு ரெண்டு தட்டு கூடத் தின்கிற அந்த ஒருத்தனுக்காகத்தான் அழுகிறாள். நம் சேரிக் கிழவிகளின் ஒப்பாரியைக் கேளுங்க. செத்தவனின் நடை, கோபம், அவன் அடைக்காமல் விட்ட கடன் வரைக்கும் அதில் வரும். வெளிப்படையாகப் பேசுவது என்றால் இதுதான். படித்த நாம் போய், "அழாதீங்கம்மா, உங்க மகன் தியாகி" என்று அந்த வாயை அடைக்கிறோம். தியாகியின் தாய் அழக்கூடாது என்று எந்தச் சித்தாந்தம் சொல்லுது?

நான் வங்கியில் எழுத்தர். மலக்குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. அது உரிமை, போராடி வாங்கணும். ஆனா இழப்பீடு வந்த வீட்டில் ஊர் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு வந்துச்சு?" வங்கியில் நாங்க கேட்கிறது, "நாமினி யாரு? வாரிசுச் சான்றிதழ் எங்கே?" ஒருநாள் படிவத்தில் இருந்த பெயரை வாய்விட்டுப் படிச்சு, "அண்ணன் எந்த ஊரும்மா?" என்று கேட்டேன். அந்தம்மா அரைமணி நேரம் பேசினாங்க. வரிசையில் நின்னவங்க முணுமுணுத்தாங்க, முணுமுணுக்கட்டும்.

குடிச்சு ஈரல் கெட்டுச் செத்தவனுக்கும், விடுதியில் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைக்கும் பல நேரம் சுவரொட்டி கிடையாது. அந்த வீட்டில் துக்கத்தோடு வெட்கமும் உட்கார்ந்திருக்கும். யாரும் வந்து பேரைச் சொல்ல மாட்டாங்க. அங்கேதான் முதலில் போகணும். "ஏன் இப்படிப் பண்ணினா?" என்று போலீஸ் மாதிரி விசாரிக்காதீங்க. அவ என்ன படிச்சா, யாரோட சிநேகம் என்று கேளுங்க. அவங்க பேசலைன்னா சும்மா உட்காருங்க. ஆறுதல் சொல்லியே ஆகணும் என்று பதறாதீங்க.

போகும்போது வேலையும் செய்யலாம். இறப்பை 21 நாளுக்குள் பதிஞ்சா கட்டணம் இல்லை. அதை யாராவது ஒருத்தர் ஓடிப் பார்த்தால் போதும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடலாம். முப்பதாம் நாள் போங்க, முதல் பொங்கலுக்குப் போங்க, வழக்கு வாய்தா அன்னிக்குக் கூடவே போங்க.

மாணவத் தோழர்கள் ஒரு நோட்டு போடுங்க. உங்க ஊரில் இந்த வருஷம் செத்தவங்க பேரையெல்லாம் எழுதுங்க. எதிரில், அந்த வீட்டுக்குக் கடைசியாக நாம் போன தேதி.