அப்பாவின் பிராங்காஸ்கோபியும் நான் தப்பாக எழுதிய மாத்திரையும்

இந்த எபிசோட்ல கோடிங் கிடையாது. போன வருஷம் அப்பாவுக்கு பிராங்காஸ்கோபி செய்தாங்க. அதில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் பேசப் போறேன்.

மூக்கு அல்லது வாய் வழியா, கேமரா வைத்த மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் விடுவதுதான் பிராங்காஸ்கோபி. 1897-ல் ஜெர்மனியில் குஸ்தாவ் கில்லியன் என்ற டாக்டர், ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய எலும்புத் துண்டை நேரான குழாய் விட்டு எடுத்தார். வளையும் குழாய் வந்தது 1960-களில், ஜப்பானின் ஷிகெட்டோ இகெடா மூலமா. வரலாறு போதும்.

அப்பாவுக்கு ரெண்டு மாசமா இருமல். எக்ஸ்ரேயில் வலது பக்கம் மேலே ஒரு நிழல். சளி டெஸ்ட்டில் ஒன்றும் தெரியல. உள்ளே பார்த்து, கொஞ்சம் சதை கிள்ளி எடுக்கலாம்னு முடிவாச்சு. என்னென்ன மாத்திரை சாப்பிடுறார்னு ஃபார்மில் கேட்டிருந்தாங்க. சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால்னு எழுதினேன். இதுக்காகவே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வைத்திருக்கிற ஆள் நான்!

உள்ளே கூட்டிப்போகும் முன் நர்ஸ் அக்கா அப்பாவிடம் கேட்டாங்க.

“ஹார்ட்டுக்கு ஏதாவது வச்சிருக்காங்களாப்பா?”

“மூணு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வச்சாங்கம்மா.”

“அதுக்கு மாத்திரை?”

“ராத்திரி ஒரு கேப்ஸ்யூல்.”

அந்தக் கேப்ஸ்யூலைத்தான் நான் கொலஸ்ட்ரால்னு எழுதியிருந்தேன். அட்டையில் முதல் பெயர் அட்டார்வாஸ்டாட்டின். அதுக்குக் கீழே பொடி எழுத்தில் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல். மூணும் ஒரே கேப்ஸ்யூலில்.

பயாப்ஸிக்கு 5 முதல் 7 நாள் முன்பே க்ளோபிடோக்ரெலை வழக்கமா நிறுத்துவாங்க. அதையும் ஹார்ட் டாக்டரைக் கேட்டுத்தான் செய்யணும், ஸ்டென்ட் அடைக்கலாம் இல்லையா. ஆஸ்பிரின் மட்டும்னா பெரும்பாலும் தொடரலாம்.

கொஞ்சம் ரத்தம் வந்தா என்னன்னு டாக்டரிடம் கேட்டேன். கையில் வெட்டு விழுந்தா 150 மில்லி பெரிய விஷயமில்லை, ஆனா காற்று போய்வரும் குழாய்களோட மொத்தக் கொள்ளளவே கிட்டத்தட்ட அவ்வளவுதான், என்றார். ஒரு பெரிய டம்ளர் காபி அளவு. நுரையீரலில் ரத்தம் கொட்டினா உயிருக்கு ஆபத்து வருவது ரத்த இழப்பால் இல்லை, மூச்சு அடைத்துப்போவதால். அதனால்தான் ரத்தம் வரும் பக்கம் கீழே இருக்கும்படி உடனே திருப்பிப் படுக்க வைப்பாங்க. நல்ல பக்கம் நிரம்பிவிடக் கூடாது.

ஐசியூவில் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இதே இடப் பிரச்சினை குழாயாலேயே வரும். 8 மி.மீ. டியூபுக்குள் 5.7 மி.மீ. ஸ்கோப் போனா பாதிப் பரப்பளவு போச்சு. விட்டத்தை வர்க்கம் போட்டுப் பாருங்க. 7 மி.மீ. டியூபா இருந்தா மூன்றில் இரண்டு பங்கு போயிடும். அதனால ஆக்ஸிஜனை 100 சதவீதம் வைத்து, சட்டுனு போய்ட்டு வெளியே வந்துடுவாங்க.

அப்பாவுக்கு அன்னைக்கு சதை எடுக்கல. சலைன் விட்டுக் கழுவி, அந்தத் தண்ணியை மட்டும் உறிஞ்சி எடுத்தாங்க. அதுக்கு அந்த மாத்திரை தடையில்லை. முடிஞ்சதும் அப்பா காபி கேட்டார். தொண்டை மரத்துப் போயிருந்ததால ரெண்டு மணி நேரம் தண்ணிகூடக் கொடுக்கல, என்னைத்தான் திட்டினார். ராத்திரி காய்ச்சல் வந்தது. பதறிப் போன் பண்ணினா, கழுவி எடுத்தபின் சிலருக்கு அப்படி வரும், பாராசிட்டமால் கொடுங்க, காலையிலும் இருந்தா கூட்டிட்டு வாங்கன்னாங்க. காலையில் இல்லை.

அந்தத் தண்ணியிலேயே டிபி கிருமி தெரிஞ்சது. ஆறு மாசம் மாத்திரை, இப்போ முடிஞ்சுது. சதை எடுக்கவே வேண்டியிருக்கல.

ஸ்ப்ரெட்ஷீட்ல இப்போ ‘எதுக்கு’ங்கிற காலத்தை எடுத்துட்டேன். அட்டையோட பின்பக்கத்தை போட்டோ எடுத்துப் போட்டுடுறேன்.