டி.என்.ஏ. மாதிரி: யார் கொடுக்கணும், எப்படிக் கொடுக்கணும்?

(திருப்பூர் பனியன் தொழிலாளர்களுக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

2023 ஜூன் 2 சாயங்காலம் ஒடிசா பாலசோர் பக்கத்தில் நடந்த ரயில் விபத்து பல பேருக்கு ஞாபகம் இருக்கும். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், வேலைக்காகத் தமிழ்நாட்டுக்கு வருகிறவர்கள் ஏறும் வண்டி. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். பல உடல்களுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரே உடலை ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் கேட்டன. புவனேஸ்வர் எய்ம்ஸில் உறவினர்களின் ரத்தம் எடுத்து, டி.என்.ஏ. ஒப்பிட்டுத்தான் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார்கள். 28 உடல்களைக் கேட்டுக் கடைசிவரை யாரும் வரவில்லை. நாலு மாதம் கழித்து மாநகராட்சியே தகனம் செய்தது.

அதனால்தான் சொல்கிறேன்: சரியான உறவினர், சரியான வழியில் மாதிரி கொடுக்கணும்.

யார் கொடுக்கணும்? அப்பா, அம்மா, பெற்ற பிள்ளைகள். நம் டி.என்.ஏ.வில் பாதி அப்பாவுடையது, பாதி அம்மாவுடையது. அண்ணன், தம்பி, அக்கா, தங்கையும் உதவலாம். ஆனால் ஒருவர் மட்டும் கொடுத்தால் விடை உறுதியாகாமல் போகலாம். கணவனும் மனைவியும் ரத்த உறவு இல்லையே என்று விட்டுவிடாதீங்க. பிள்ளையோடு சேர்ந்து கொடுத்தால், பிள்ளையிடம் இருப்பதில் யார் பங்கு எது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

எப்படி எடுப்பாங்க? கையில் சில மில்லி ரத்தம்தான். வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் இருந்துதான் டி.என்.ஏ. கிடைக்கிறது. ஊசிக்குப் பயப்படும் குழந்தைக்குக் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்தாலே போதும். அதற்கு முன் வாய் கொப்பளிக்கணும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ, எலும்பு மஜ்ஜை மாற்றியிருந்தாலோ முதலிலேயே சொல்லிடுங்க.

நெருங்கிய உறவு யாரும் இல்லையா? காணாமல் போனவரின் பல் பிரஷ், ரேசர், சீப்பில் வேரோடு வந்த முடி உதவும். ஒரே ரூமில் ஆறு பேர் தங்கும் இடத்தில் இவை கலந்துபோகும். கழுவாமல், தொடாமல் வைத்துப் போலீஸிடம் காட்டுங்க. பிளாஸ்டிக் கவரில் கட்டினால் ஈரத்தில் கெட்டுப்போகும். காகிதக் கவர்தான் நல்லது. இறந்தவர் உடலில் இருந்து டாக்டர்கள் ரத்தம், பல், எலும்பு எடுப்பார்கள்.

எந்த வழி? நீங்களாகவே தனியார் லேபுக்குப் பணம் கட்டி ஓடாதீங்க. மாதிரி யாரிடம் எடுத்தது, யார் கை மாறியது என்ற பதிவும் சீலும் இல்லாவிட்டால் அந்த ரிப்போர்ட்டைக் கோர்ட்டில் ஏற்பது கஷ்டம். முதலில் பக்கத்து ஸ்டேஷனில் புகார் கொடுங்க. அவசரம் என்றால் 112. ரசீதையும் புகார் எண்ணையும் போனில் படம் எடுத்து வையுங்க.

இன்று ராத்திரியே ஒரு வேலை செய்யுங்க. உங்க ரூமில் இருக்கிறவங்க ஊர், அப்பா அம்மா பெயர், போன் நம்பரை வாங்கி உங்க போனில் பதிந்து வையுங்க. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாததால், ஒரு மகன் பெயரில்லாமல் போகக் கூடாதுங்க.