தொகுப்பியைச் சோதிக்கும் கட்டளை



நம் குடியிருப்பில் கணினித் துறையில் பணியாற்றும் பிள்ளைகள் பலர். அவர்கள் தொழிலின் ஒரு சிறு மூலையை இன்று எடுத்துக்கொண்டோம். நிரலர் எழுதியதைப் பொறியின் மொழியாக்கித் தருவது தொகுப்பி. கம்பைலர் என்றால் இளைஞர்க்கு விளங்கும். ரிச்சர்டு ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜிசிசி அவற்றுள் பெயர் பெற்றது. கட்டற்ற மென்பொருள் ஆதலின், இங்கிருந்தபடியே நம் பிள்ளைகளும் அதற்குத் திருத்தம் அனுப்பலாம். ஆனால் திருத்தத்தால் பழைய நடை பிறழவில்லை என்று சோதித்த செய்தியையும் உடன் எழுத வேண்டும் என்பது அங்குள்ள விதி.

சோதனைகளோ பல்லாயிரம், சாதாரணப் பொறியில் மணிக்கணக்காக ஓடும். எனவே ‘மேக் செக்-ஜிசிசி’ என்னும் கட்டளையின் பின் ‘ரன்டெஸ்ட்ஃபிளாக்ஸ்’ என்ற மாறியில், எந்தச் சோதனை, எந்தத் தெரிவுடன் எனக் குறித்துச் சிலவற்றை மட்டும் ஓட்டுவர். யாம் கண்ட வரையில், இளைஞர் பலரின் மாலைப் பொழுதை விழுங்குவது இவ்வொரு வரியே.

மேற்கோட்குறியை விட்டுவிட்டால், இடைவெளிக்குப் பின் வரும் தெரிவை ‘மேக்’ தனக்குரியதென எண்ணி, அறியேன் என்று மறுத்துவிடும். கூச்சலிடும் பிழை நல்ல பிழை. பேசாத பிழையே கொடிது. ஒவ்வொரு வகைச் சோதனைக்கும் ஓர் ஓட்டுநர் கோப்பு உண்டு. ‘டிஜி’ ஓட்டுநரிடம் ‘எக்ஸிகியூட்’ ஓட்டுநருக்குரிய சோதனையின் பெயரைக் கொடுத்தால், அது தேடும், காணாது, அமைதியாக முடித்துவிடும். தோல்வி ஒன்றுமில்லை! உண்மையில் சோதனையே நிகழவில்லை. முடிவுப் பகுதியில் தலைப்பு நிற்கும். அதன்கீழ் ஓர் எண்ணும் இராது. தேர்வே எழுதாத மகன் தோற்றோர் பட்டியலில் இல்லை என்று இனிப்பு வழங்குவது போன்றது இது. தோல்வியைத் தேடுமுன், தேறியவை எத்தனை என்று பார்த்தல் வேண்டும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. 64 பிட் பொறியில் ‘எம்32’ தெரிவைச் சேர்த்தவுடன் தோல்விகள் கொத்துக் கொத்தாக வரும். 32 பிட் நூலகம் நிறுவப்படாமையே காரணமாகலாம். தொகுப்பியைப் பழித்தல் தகாது. வேறு சில சோதனைகள், விளைந்த அசெம்பிளி உரையில் குறித்த ஒரு சொல்லைத் தேடுபவை. நாம் சேர்த்த தெரிவு அவ்வுரையை மாற்றிவிட்டால் அவையும் தோற்கும்.

‘ஜிசிசி.லாக்’ கோப்பைத் திறந்தால், தொகுப்பிக்கு மெய்யாகவே சென்ற கட்டளை முழுமையும் காணலாம். அவ்வரியைப் பெயர்த்தெடுத்து, தெரிவுகளை ஒவ்வொன்றாக நீக்கி, கையாலேயே ஓட்டிப் பார்க்கலாம். பின்னர் நம் திருத்தத்தை விலக்கிவிட்டு, அதே தெரிவுகளுடன் சோதனைகளை மீண்டும் ஓட்ட வேண்டும். முன்பு தேறி இப்போது தோற்றவை மட்டுமே நம் கணக்கில் சேரும்.