லென்ஸ் இல்லாத கேமரா

லென்ஸே இல்லாமல் படம் எடுக்கலாம், தெரியுமா? ஒளி புகாத அட்டைப்பெட்டி போதும். உள்ளே முழுக்கக் கறுப்பு பூசுங்கள். முன்பக்கம், குளிர்பான டப்பாவில் வெட்டிய தகடு. அதில் ஊசி முனையால் அரை மில்லிமீட்டர் துளை. விளிம்பில் பிசிறு இருந்தால் படம் மங்கிவிடும், உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துவிடுங்கள். எதிரே, 20 சென்டிமீட்டர் தள்ளி, 8-க்கு 10 அங்குல போட்டோ பேப்பர். சிவப்பு விளக்கொளியில் அதைப் பொருத்தலாம்.

நல்ல வெயிலில் ஏறக்குறைய 2 நிமிடம் துளையைத் திறந்து வையுங்கள். தெருவில் நடந்து போனவர்கள் படத்தில் விழமாட்டார்கள். மரமும் வீடும் அப்படியே நிற்கும். பிறகு டெவலப்பர் தட்டில் வானம் கறுப்பாக, இலைகள் வெள்ளையாக மெல்ல எழும்பி வரும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த ஒரு நிமிடம் எனக்கு அலுத்ததே இல்லை.