கோடு நகருது, சத்தம் வரல: மியூஸ்ஸ்கோரில் கோளாறை எங்கே தேடுவது?

ஒரு நேயர் எழுதியிருக்காங்க: "பாட்டுக் குழுவுக்காக நாலு குரலுக்கு நொட்டேஷன் எழுதி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஒத்திகை. பிளே அழுத்தினா கோடு நகருது, சத்தம் இல்ல. சில நேரம் ஃபைலைத் திறந்ததுமே மியூஸ்ஸ்கோர் 4 மூடிக்குது. அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடட்டுமா?"

இப்போதைக்கு வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதல்ல ஒரு காப்பி எடுத்து வேற இடத்துல வைங்க. இனி செய்யும் சோதனை எல்லாம் அந்தக் காப்பியில்தான்.

நீங்க எழுதின ஸ்வரம் காதுக்கு வர மூணு படி தாண்டணும். மென்பொருள் தாளைப் படிக்கணும். ஒரு ஒலி நூலகம் அதைச் சத்தமாக்கணும். கடைசியா ஸ்பீக்கரோ ஹெட்போனோ அதை வெளியே விடணும். கோடு நகருதுன்னா முதல் படி பெரும்பாலும் சரி. மிச்சம் ரெண்டு.

இப்போ புதுசா ஒரு காலி ஸ்கோர் திறந்து நாலு ஸ்வரம் போட்டு பிளே பண்ணுங்க. அதிலும் சத்தம் இல்லையா? பிரிஃபரன்சஸில் ஆடியோ பகுதிக்குப் போய் எந்தக் கருவி தேர்வாகியிருக்குன்னு பாருங்க. கழற்றி வச்ச ப்ளூடூத் ஹெட்போன் பெயர் அங்கேயே நிக்கலாம். சத்தம் வருது, ஆனா கரகரன்னு உடையுதா? பஃபர் சைஸைக் கூட்டுங்க. 44,100 ஹெர்ட்ஸில் 512 சாம்பிள்னா சுமார் 12 மில்லி செகண்ட், 1024னா சுமார் 23. கம்ப்யூட்டருக்கு மூச்சு விட அவ்வளவு கூடுதல் நேரம் கிடைக்கும்.

காலி ஸ்கோர் நல்லா பாடுதுன்னா கோளாறு உங்க ஃபைலில் இருக்கு. எஃப்10 அழுத்தி மிக்சரைத் திறங்க. மியூட், சோலோ பட்டன்களைப் பாருங்க. எங்கோ ஒரு சோலோ அழுந்தியிருந்தா மத்த குரல் எல்லாம் ஊமைதான். அதுவும் சரின்னா, ஒவ்வொரு குரலுக்கும் ஒலியை எம்எஸ் பேசிக்குக்கு மாத்துங்க. சத்தம் வந்துட்டா, பழைய ஒலி நூலகம்தான் காரணம்.

இப்போ மூடிக்கொள்ளும் பிரச்சினை. எம்எஸ்சிஇசட் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். காப்பியின் பெயரில் கடைசிப் பகுதியை ஜிப்னு மாத்தினா திறந்தே பார்க்கலாம். உள்ளே ஸ்வரங்கள் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில், ஒலித் தேர்வுகள் ஆடியோ செட்டிங்ஸ் என்ற தனி ஃபைலில் இருக்கும்.

கவனிச்சீங்களா? எந்தக் குரலுக்கு எந்த ப்ளகின் என்பது உங்க ஃபைலுக்குள்ளேயே பதிவாகியிருக்கு. மென்பொருளை எத்தனை தடவை புதுசா போட்டாலும், அந்த ஃபைலைத் திறந்ததும் அதே ப்ளகினைத்தான் மறுபடி கூப்பிடும். அதனாலதான் முதல்லயே அன்இன்ஸ்டால் வேண்டாம்னு சொன்னேன்.

சந்தேகமான விஎஸ்டி ப்ளகின் இருந்தா அதை அதன் ஃபோல்டரிலிருந்து தற்காலிகமா வெளியே நகர்த்திட்டு ஃபைலைத் திறந்து பாருங்க. திறந்தா, ஒலியை எம்எஸ் பேசிக்குக்கு மாத்தி சேவ் பண்ணுங்க. எந்த ஃபைலைத் திறந்தாலும் மூடிக்குதுன்னா, ஹெல்ப் மெனுவில் ஃபேக்டரி செட்டிங்ஸ் இருக்கு. உங்க விருப்ப அமைப்புகள் போயிடும், எழுதின ஸ்கோர்கள் போகாது.

கடைசியா ஒண்ணு. முடிச்ச வேலையை மியூசிக்எக்ஸ்எம்எல் ஆகவும் எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க. 35 வருஷம் ஓடின ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துறதா 2024 ஆகஸ்டில் அறிவிச்சாங்க. அதில் எழுதினவங்க வேற மென்பொருளுக்கு மாற இந்த வடிவம்தான் முக்கியமான வழி. ஒலித் தேர்வு அப்படியே வராம போகலாம். ஸ்வரமும் வரிகளும் வந்துடும். ஒத்திகைக்கு அது போதும்.

ஒவ்வொரு சோதனையிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க.