நோயாளியிடம் சொல்லுங்கள்



இதயத்துக்கு இரத்தத்தைத் தள்ளும் வலிமை குன்றி, தேங்கிய நீர் காலிலும் நுரையீரலிலும் சேர, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கி, மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்தாலன்றி உறக்கம் கிட்டாத நிலையை, 'பம்பிங் குறைவு' என்று நம் வீடுகளில் சொல்லிக்கொள்ளுகிறோம். பிறகு வியாதிக்காரரை வெளியே உட்கார வைத்துவிட்டு, மகனும் மருமகனும் உள்ளே போய், "அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்" என்று கைகூப்புகிறோம். யாருடைய இதயம் அது? கை தட்டுகிறீர்கள், தட்டுகிற கைகளில் பல, அவ்விதம் கூப்பிய கைகள்தாம்!

இவ்வூரில் இவ்வியாதியுள்ள ஒரு பெரியவர்; அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர்; பெயர் சொன்னால் கோபிப்பார். "எனக்கு ஆயுள் எவ்வளவு?" என்று டாக்டரை நேரே கேட்டார். "ஐந்து வருஷத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் போய்விடுகிறார்கள், நீங்கள் எந்தப் பாதியென்று இன்று சொல்ல இயலாது" என்று பதில் வந்தது. அன்றுமுதல் காலையில் சிறுநீர் கழித்தபின், காபிக்கு முன், எடை பார்த்து, நாட்காட்டித் தாளின் மூலையில் பென்சிலால் குறிக்கிறார். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையன்று, நீர் என்றறிந்து அன்றே டாக்டரிடம் புறப்படுகிறார். கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்றும் பார்க்கிறார். நார்த்தங்காய் ஊறுகாயைத் துறந்தது அவருக்குப் பெரிய தியாகம், ஆனால் துறந்தார்! உண்மை தெரிந்த மனிதர், ஐயா!

மருந்தால் ஆவதென்ன என்பார்க்கு ஒரு கணக்கு. நோய் முற்றியவர்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு எனலாப்ரிலும் கொடுத்துப் பார்த்து ஸ்காண்டிநேவிய வைத்தியர்கள் 1987-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அம்மருந்து பெறாதவருள் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 44 பேர் மாண்டனர், பெற்றவருள் 26. அதற்குப் பின்னும் நல்ல மருந்துகள் பல வந்துள்ளன. அப்படியிருக்க, வேறொரு மேடையில் ஒருவர், 48 நாள் லேகியத்தில் இதயம் புதிதாகும், மாத்திரைகளை வீசியெறியுங்கள் என்று முழங்கினாராம்! அவரைக் கேட்கிறேன்: வீசியவர் நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காரும்போது, உங்கள் மேடை எங்கே இருக்கும்? மூட்டுவலிக்கென்று தாமாகக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரையே நீரைத் தேக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும் வியாதியில், இத்தகைய வாக்கு கொலைக்குச் சமானம்!

தலைவர் அவர்களே, சொந்தமாக எடை இயந்திரம் வாங்க வகையற்றவர் இத்தெருக்களில் அநேகர். நமது வாசகசாலை முன்கூடத்தில் ஒன்று வைத்து, விடியற்காலையிலேயே கதவைத் திறந்துவிட வேண்டும். பாதிச் செலவை நான் ஏற்கிறேன். மீதியை முன்வரிசைப் பெரியோர்கள் இன்றிரவே ஏற்கவேண்டும்.