கூண்டு முயலும் காட்டு முயலும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் நிகழ்த்தப்பட்ட உரை)

முயலைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கும் தெரிந்த இப்பிராணியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். சந்திரனில் தெரியும் கறையை முயல் என்று கண்டவர்கள் நம் முன்னோர். பிடிவாதக்காரனைக் குறித்து, "தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்று சொல்வதும் நம் வழக்கம். ஆயினும் இச்சிறு பிராணி ஒரு கண்டத்தையே கலங்க வைத்த வரலாறு உண்டு. கிராமப் பொறுப்பை ஏற்றிருப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய பாடம் அவ்வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

ஒரே பெயர், இரு பிராணிகள்

நாம் கூண்டில் வளர்ப்பதையும் முயல் என்கிறோம். மானாவாரிக் காட்டில் துள்ளி ஓடுவதையும் முயல் என்கிறோம். உண்மையில் இவ்விரண்டும் வெவ்வேறு இனங்கள். நம் காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புதர் மறைவில் புல்லை அழுத்திப் படுக்கை அமைத்துக்கொள்ளும். அதன் குட்டி பிறக்கும்போதே உடல் முழுதும் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். கூண்டு முயலின் முன்னோரோ மண்ணுள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்பவை. அவற்றின் குட்டிகள் மயிரின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கும். எனவே காட்டு முயலையும் கூண்டு முயலையும் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்க இயலாது. காட்டு முயலைப் பிடிப்பதும் வேட்டையாடுவதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வீடுகளிலும் பண்ணைகளிலும் வளர்க்கப்படும் அங்கோரா, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் முதலிய எல்லா வகைகளும் ஒரே இனத்தின் வழி வந்தவை. அவ்வினத்தின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளும் பிரான்சின் தென்மேற்குப் பகுதியுமாகும்.

முயலின் சுற்றத்தார்

முயலை எலி, அணில் ஆகியவற்றின் இனம் என்றே முற்காலத்தில் கருதினர். ஆனால் முயலின் மேல்தாடையில் இரண்டு பெரிய முன்பற்களுக்குப் பின்னால் இரண்டு சிறு பற்கள் மறைந்திருக்கின்றன. எலிக்கு அவை இல்லை. இதுபோன்ற வேறுபாடுகளால் 1912-ஆம் ஆண்டு முதல் முயலினத்தைத் தனி வரிசையாகவே அறிஞர்கள் வைத்துள்ளனர்.

அவ்வரிசையில் பைக்கா என்னும் சிறு பிராணியும் சேர்ந்தது. குட்டையான வட்டக் காதுகளை உடைய இது இமயமலையின் பாறை இடுக்குகளிலும் வாழ்கிறது. வட அமெரிக்க மலைகளில் உள்ள பைக்கா கோடையில் புல்லை வெட்டிச் சேர்த்து, போர் போட்டுவைத்துக் குளிர்காலத்தைக் கழிக்கும். வைக்கோற்போர் போடும் நம் விவசாயிக்கு அது தொழில்முறையில் உறவினர் என்றே சொல்லலாம்! அஸ்ஸாமின் உயர்ந்த புல்வெளிகளில் முரட்டு மயிருடைய அரிய முயல் ஒன்று உண்டு. புல்வெளிகள் அழியவே அதுவும் அருகிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் கரூ பகுதியில் ஆற்றங்கரை முயலுக்கும் அதே கதிதான். கரைகள் சாகுபடி நிலங்களாக மாறியதே காரணம்.

ஆஸ்திரேலியா கண்ட துன்பம்

இனி நான் சொல்ல வந்த வரலாற்றுக்கு வருகிறேன். 1788-இல் ஆங்கிலேயர் முதன்முதலாக ஆஸ்திரேலியாவில் குடியேறியபோதே சில வீட்டு முயல்களையும் கப்பலில் கொண்டுசென்றனர். அவற்றால் பெருங்கேடு விளையவில்லை. 1859-இல் விக்டோரியா பகுதியில் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலச்சுவான்தார், வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை வரவழைத்துத் தம் பண்ணையில் விட்டார். இவற்றின் உடலில் காட்டு இரத்தம் ஓடியது. ஆஸ்திரேலியா முழுவதும் முயல் பரவியதற்கு இந்த ஒரு வரவே முக்கிய காரணம் என்று 2022-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி காட்டுகிறது.

ஏழே ஆண்டுகளில் அப்பண்ணையில் மட்டும் சுமார் 14,000 முயல்கள் வேட்டையாடப்பட்டன. தாய் முயல் ஒரு மாதத்தில் ஈன்றுவிடும். ஈன்றவுடனே மறுபடியும் சினையாகும். அவற்றைக் கட்டுப்படுத்தப் போதுமான எதிரிகளும் அங்கு இல்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் கண்டத்தின் பெரும்பகுதியில் அவை பரவிவிட்டன. புல்லை வேர்வரை கொறித்தன. இளமரங்களின் பட்டையை உரித்தன. மேய்ச்சல் தரைகள் வெறும் மண்ணாயின. அம்மண்ணைக் காற்று வாரிச் சென்றது.

1887-இல் நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம் முயலை ஒழிக்க வழி கண்டுபிடிப்பவருக்கு 25,000 பவுன் பரிசளிப்பதாக அறிவித்தது. புகழ்பெற்ற விஞ்ஞானி லூயி பாஸ்டர் கூடத் தம் ஆட்களை அனுப்பினார். பரிசு எவருக்கும் கிடைக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901-இல் தொடங்கி 1907-க்குள் 1,833 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வேலி கட்டினார்கள். வேலை முடிவதற்குள்ளாகவே, 1902-இல், வேலிக்கு அப்பால் முயல்கள் காணப்பட்டன! பிறகு இரண்டாவது வேலியும் மூன்றாவது வேலியும் கட்டப்பட்டன.

1950-இல் மிக்சோமா என்னும் நோய்க்கிருமியைப் பரவவிட்டனர். தென் அமெரிக்கக் காட்டு முயலுக்கு அற்ப நோயாக இருந்த அது, ஐரோப்பிய முயலுக்குக் கொள்ளை நோயாயிற்று. கொசுக்கள் அதைப் பரப்பின. அக்காலத்தில் 60 கோடி என மதிப்பிடப்பட்ட முயல்கள் இரண்டே ஆண்டுகளில் 10 கோடியாகக் குறைந்தன. மனிதருக்கு ஆபத்து நேருமோ என்று மக்கள் அஞ்சியபோது, பெர்னட், ஃபென்னர், குளூனிஸ் ராஸ் என்னும் மூன்று விஞ்ஞானிகள் அக்கிருமியைத் தங்கள் உடலிலேயே ஊசி மூலம் செலுத்திக்கொண்டு அச்சத்தைப் போக்கினர். ஆனால் உயிர் தப்பிய முயல்களின் சந்ததிக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாயிற்று. கிருமியின் கடுமையும் தணிந்தது. முயல்கள் மீண்டும் பெருகின. 1990-களில் மற்றொரு நோய்க்கிருமி பரவியது. அதற்குப் பின்னும் முயல் ஒழியவில்லை. ஒருவர் ஒருநாள் திறந்துவிட்டதை, நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாடே முயன்றும் திரும்பக் கூண்டில் அடைக்க முடியவில்லை.

சொந்த ஊரில் அருகிய முயல்

இதில் ஒரு விந்தையும் உண்டு. 1952-இல் பிரான்சில் ஒரு மருத்துவர், தம் பண்ணையில் முயல் தொல்லை நீங்க அதே மிக்சோமாக் கிருமியைப் பரப்பினார். அது அவர் பண்ணையின் சுவருக்குள் நிற்கவில்லை. ஐரோப்பா முழுவதும் பரவியது. பின்னர் வந்த மற்றொரு நோயும் சேர்ந்துகொள்ள, ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் முயல் மிகவும் குறைந்தது. பூர்வீக இடத்தில் அது அழியும் அபாயத்தில் உள்ள இனமென்று 2019-இல் அறிவிக்கப்பட்டது. அம்முயலையே நம்பி வாழும் லிங்க்ஸ் என்னும் காட்டுப் பூனையும் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. பெருமுயற்சியின் பேரில்தான் அது இப்போது மீண்டு வருகிறது. ஒரே பிராணி ஓரிடத்தில் பெருந்தொல்லை. மற்றோர் இடத்தில் பல உயிர்களுக்கு ஆதாரம். குற்றம் முயலினுடையது அன்று. இடம் மாற்றிவிட்ட மனிதனுடையதே.

ஜப்பானின் அமாமித் தீவில் வேறொரு வகை நடந்தது. அங்கு மட்டுமே, அருகிலுள்ள மற்றொரு தீவிலும், வாழும் கரிய முயல் ஒன்று உண்டு. 1979-இல் நச்சுப் பாம்புகளைக் கொல்வதற்கென்று சுமார் 30 கீரிகளை அத்தீவில் விட்டனர். பாம்போ இரவில் திரிவது. கீரியோ பகலில் இரை தேடுவது. கீரி பாம்பை விட்டுவிட்டு முயலைத் தின்னத் தொடங்கியது. பொறிகளையும் பயிற்சி பெற்ற நாய்களையும் கொண்டு பல ஆண்டுகள் பாடுபட்டு, 2024-இல்தான் கீரி முற்றும் நீங்கியதாக அரசாங்கம் அறிவித்தது.

நமது கடமை

இவற்றைச் சொல்வதால் முயல் வளர்க்க வேண்டாம் என்பது பொருளன்று. சிறிய இடத்தில், குறைந்த முதலில், வீட்டிலுள்ளவர்களே பார்த்துக்கொள்ளக்கூடிய தொழில் அது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் ஆடு, கம்பள ஆராய்ச்சி நிலையத்தில் முயல் வளர்ப்பும் நடைபெறுகிறது. வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை சில. முயல் குளிரைத் தாங்கும். கடும் வெயிலைத் தாங்காது. சமவெளியில் நிழலும் காற்றோட்டமும் இன்றியமையாதவை. முயல் தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்பதைக் கண்டு நோய் என்று அஞ்ச வேண்டாம். அதிலுள்ள சத்தை இரண்டாம் முறை பெறும் இயற்கை ஏற்பாடு அது. பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வதால் கொறிப்பதற்கு நார்த் தீவனம் வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, கூண்டின் கதவு. விற்காத முயலையும் வேண்டாத முயலையும் காட்டில் விட்டுவிடலாகாது. அங்கு அது பெரும்பாலும் நாய்க்கு இரையாகும். இல்லையேல் நோயைப் பரப்பும்.

சீமைக் கருவேலும் ஆகாயத் தாமரையும் நம் கண்மாய்களை என்ன பாடுபடுத்துகின்றன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கருவேலை விறகுக்கும் வேலிக்கும் என்று நல்லெண்ணத்துடன்தான் வளர்த்தார்கள். இன்று அதை வெட்டும் செலவு ஊர்ப் பொதுப்பணத்தின் மீது விழுகிறது. ஆகவே புதிய மீனோ, செடியோ, பிராணியோ ஊருக்குள் வரும்போது பஞ்சாயத்து மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: இது எங்கிருந்து வருகிறது? இதை அடக்கி வைக்கும் எதிரி இங்கு உண்டா? தப்பிவிட்டால் பிடிப்பவர் யார், செலவு யாருடையது?

விடை தெரியாவிட்டால் கால்நடை மருத்துவரையும் வேளாண்மை அலுவலரையும் கேட்டறிந்து, அதன் பிறகு தீர்மானம் செய்யுங்கள். இருபத்து நான்கு முயல்களை வரவழைத்தவரிடம் அன்று இக்கேள்விகளைக் கேட்க ஓர் ஊர்ச் சபை இருந்ததில்லை. உங்கள் ஊரில் இருக்கிறது. அதில் நீங்கள் அமர்ந்திருக்கிறீர்கள்.